தோற்றாலும் இறங்காத ஆட்டம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு, செப்பேடு என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கெடுத்தவன் என் பேரன். "தாத்தா, நீங்க எழுதுறதை எங்க வயசுப் பசங்க யாரும் படிக்கிறதில்ல. ஒரு தடவை எங்க விஷயத்தை எழுதுங்களேன்" என்றான். அவன் விஷயம் கால்பந்து. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தொற்றாமல் இருந்தால்தான் அதிசயம்.

நான் பந்தை உதைத்தவன் அல்ல. நாற்பது வருடமாகப் பாத்திர வியாபாரம் செய்கிறவன். ஆனால் அவன் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி ஆட்டத்தைவிட வியாபாரத்தைப் பற்றியதாகவே எனக்குப் பட்டது. அதனால் புத்தகம், பத்திரிகை என்று தேடிப் படித்தேன். படித்ததை என் அறிவுக்கு எட்டிய அளவில் இங்கே சொல்கிறேன்.

2021 ஏப்ரல் 19, திங்கட்கிழமை காலை. கொரோனாவின் இரண்டாவது அலை. பள்ளிக்கூடம் இல்லை. பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் என்றால் உயிர். தூங்கும்போதும் அந்தச் சிவப்புச் சட்டைதான். அன்று காலை அந்தச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னடா, தோத்துட்டாங்களா?" என்றேன். "இல்ல தாத்தா. இனிமே தோத்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதற்கு ஏன் ஒரு பிள்ளை அழுகிற மாதிரி இருக்க வேண்டும்? அவன் மட்டுமல்ல, இங்கிலாந்தே அன்று அப்படித்தான் இருந்தது. அதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

ஏணி

'லீக்' என்ற சொல்லின் மூலம் இலத்தீனில் 'கட்டு' என்னும் பொருள் தருகிற வினைச்சொல். பல கிளப்புகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்வதுதான் லீக். முதல் கால்பந்து லீக் 1888-இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு கிளப்புகளோடு தொடங்கியது. பிறகு இரண்டாம் பிரிவு வந்தது. 1898-இல் ஒரு விதி வந்தது: மேல் பிரிவில் கடைசியாக வருகிறவர்கள் தானாகவே கீழே இறங்க வேண்டும், கீழ்ப் பிரிவில் முதலில் வருகிறவர்கள் மேலே ஏற வேண்டும். அந்த ஏணிதான் இன்றுவரை ஐரோப்பியக் கால்பந்தின் முதுகெலும்பு.

இன்று இங்கிலாந்தின் மேல்மட்டமான பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள். ஒவ்வொரு வருடமும் கடைசி மூன்று இறங்கும், கீழிருந்து மூன்று ஏறும். அதன் கீழே மூன்று பிரிவுகளில் 72 கிளப்புகள். அதற்கும் கீழே ஊர்க் கிளப்புகள் வரை படி படியாகப் போகிறது. மேலே நான்கைந்து இடம் பிடிக்கிறவர்கள் அடுத்த வருடம் ஐரோப்பா முழுவதற்குமான சாம்பியன்ஸ் லீக்கில் ஆடலாம். ஆக, ஒரு சின்ன ஊர்க் கிளப்பும் வருடா வருடம் ஜெயித்துக்கொண்டே போனால் ஒருநாள் மாட்ரிட்டில் போய் ஆடலாம். நடக்குமா என்றால், பெரும்பாலும் நடக்காது. ஆனால் நடக்கக்கூடாது என்று சட்டம் கிடையாது. அதுதான் விஷயம்.

நடந்தும் இருக்கிறது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் என்ற கிளப் 1977-இல் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறியது. 1978-இல் நாட்டுச் சாம்பியன். 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை. லெஸ்டர் சிட்டி 2016-இல் பிரீமியர் லீக்கை வென்றபோது, பருவத் தொடக்கத்தில் அதன்மேல் பந்தயக்காரர்கள் வைத்திருந்த விகிதம் ஒன்றுக்கு ஐயாயிரம். அதே லெஸ்டர் 2023-இல் கீழே இறங்கியது. ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு.

நம்மவர்களுக்கு இது சட்டென்று புரியாது. ஏனென்றால் நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஏணியே இல்லை. 2025-இல் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. அதற்காக யாரும் அதைக் கீழே இறக்கவில்லை. இறக்குவதற்குக் கீழே ஒரு பிரிவே கிடையாது. அமெரிக்க விளையாட்டுகளும் இப்படித்தான். அது ஒரு முறை, இது ஒரு முறை. சண்டை வந்தது, ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வைக்கப் பார்த்ததால்.

பன்னிரண்டு பேர் போட்ட திட்டம்

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு அறிவிப்பு வந்தது. இங்கிலாந்தில் ஆறு கிளப்: மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சி, ஆர்சனல், டாட்டன்ஹாம். ஸ்பெயினில் மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட். இத்தாலியில் மூன்று: யுவென்டஸ், ஏ.சி. மிலான், இன்டர் மிலான். இவர்கள் சேர்ந்து 'ஐரோப்பிய சூப்பர் லீக்' தொடங்கப் போகிறார்களாம். தலைவர் ரியல் மாட்ரிட்டின் ஃப்ளோரென்டினோ பெரெஸ். மொத்தம் 20 கிளப்புகள். அதில் 15 பேர் நிரந்தரம், என்ன ஆனாலும் இறங்க மாட்டார்கள். மீதி ஐந்து இடத்துக்கு மட்டும் மற்றவர்கள் தகுதி பெற்று வரலாம். நிறுவனக் கிளப்புகளுக்கு ஆரம்பத் தொகையாக 350 கோடி யூரோ. பணம் ஏற்பாடு செய்ய ஜே.பி. மார்கன் வங்கி.

சொந்த நாட்டு லீக்கிலும் ஆடுவோம், வார நடுவில் இதையும் ஆடுவோம் என்றார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் சாம்பியன்ஸ் லீக்கை விட்டு வெளியே வருவதுதான் உள்நோக்கம்.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆர்சனல், டாட்டன்ஹாம், மான்செஸ்டர் சிட்டி, அட்லெட்டிகோ ஆகிய நான்கும் அந்தத் தேதிவரை ஐரோப்பியக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. இரண்டு முறை வென்ற நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கோ, நான்கு முறை வென்ற டச்சுக் கிளப் அயாக்ஸுக்கோ அழைப்பில்லை. அந்தப் பருவத்தில் டாட்டன்ஹாம் ஏழாவது, ஆர்சனல் எட்டாவது. அவர்களுக்கு மேலே ஐந்தாவதாக வந்த லெஸ்டர் பட்டியலில் இல்லை. ஆக, இது திறமைப் பட்டியல் அல்ல, வரும்படிப் பட்டியல்.

ஏன் செய்தார்கள்?

ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வியாபாரிக்கு அழகல்ல. அவர்கள் பேரேட்டையும் புரட்டுவோம்.

கொரோனாவால் ஒரு வருடமாக மைதானங்கள் காலி. நுழைவுச்சீட்டு வருமானம் போச்சு. ஆட்டக்காரர் சம்பளமோ குறையவில்லை. பார்சிலோனாவின் மொத்தக் கடன் நூறு கோடி யூரோவுக்கு மேல். இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய பயம்: ஒரு வருடம் நான்காம் இடம் தவறி ஐந்தாம் இடம் வந்தால் சாம்பியன்ஸ் லீக் பணம் கிடையாது. ஏ.சி. மிலான் ஏழு வருடமாக அந்தப் பக்கமே போக முடியாமல் இருந்தது. இந்த நிச்சயமின்மையோடு எப்படி முதல் போடுவது? மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் முதலாளிகள் அமெரிக்கர்கள். அங்கே அவர்களுக்கு இறங்காத லீக்குகளில் அணிகள் இருக்கின்றன. இங்கேயும் அப்படி இருந்தால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா?

பெரெஸ் மறுநாள் இரவு தொலைக்காட்சியில் வந்து, கால்பந்தைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம், இளைஞர்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று சொன்னார். அது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நஷ்டம் உண்மை. ஆனால் நஷ்டம் வந்தால் கடைக்காரன் செலவைக் குறைப்பான். தெருவில் வேறு யாரும் கடை போடக்கூடாது என்று வாசலை அடைக்க மாட்டான்.

நாற்பத்தெட்டு மணி நேரம்

இனி ரசிகர்களுக்கு வருவோம். அன்று மைதானங்களுக்குள் ரசிகர்களுக்கு அனுமதியே இல்லாத காலம். உள்ளே போக முடியாதவர்கள் வெளியே கூடினார்கள்.

முதல் குரல் தொலைக்காட்சியில். மான்செஸ்டர் யுனைடெட்டில் வாழ்நாள் முழுக்க ஆடிய கேரி நெவில், ஞாயிறன்றே தன் சொந்தக் கிளப்பையே வெளுத்து வாங்கினார். லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில், ஆளில்லாத இருக்கைகளின்மேல் ரசிகர் குழு விரித்து வைத்திருந்த கொடிகளை அவர்களே எடுத்துவிடப்போவதாக அறிவித்தார்கள். வாசலில் '1892-2021' என்று கிளப்புக்கு இரங்கல் பதாகை கட்டினார்கள். திங்களன்று லீட்ஸ் நகரில் லிவர்பூலின் ஆட்டம். லீட்ஸ் ஆட்டக்காரர்கள் பயிற்சியின்போது சாம்பியன்ஸ் லீக் சின்னத்தோடு 'உழைத்துப் பெறு' என்னும் பொருளில் எழுதிய சட்டை போட்டு வந்தார்கள். லிவர்பூல் ஆட்டக்காரர் ஜேம்ஸ் மில்னர், ஆட்டம் முடிந்ததும் தனக்கு இது பிடிக்கவில்லை என்று காமிராவைப் பார்த்தே சொன்னார். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு எதிராக அப்படிச் சொல்வது சின்ன விஷயமா?

செவ்வாய் மாலை லண்டனில் செல்சி மைதானத்துக்கு வெளியே ஆயிரம் பேர்போலக் கூடி வழியை மறித்தார்கள். அணியின் வண்டி உள்ளே போக முடியவில்லை. கிளப்பின் பழைய கோல்கீப்பர் பெட்ர் செக் தெருவில் இறங்கி, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஆட்டம் கால் மணி தாமதம். அங்கே ஒருவர் பிடித்திருந்த அட்டை எனக்கு மிகவும் பிடித்தது: எங்களுக்கு ஸ்டோக் நகரத்துக் குளிர் ராத்திரிகள்தான் வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார். மழையிலும் குளிரிலும் சின்ன ஊருக்குப் போய் அடி வாங்கித் திரும்புகிற அனுபவத்தை, மாட்ரிட்டோடும் மிலானோடும் வாரா வாரம் ஆடுகிற பவிசுக்கு மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

கருத்துக் கணிப்பில் பிரிட்டனின் கால்பந்து ரசிகர்களில் ஐந்தில் நான்கு பேர் எதிர்ப்பு. பிரதமர் சட்டம் கொண்டுவருவேன் என்றார். செவ்வாய் ராத்திரி முடிவதற்குள் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் விலகின. முதலில் மான்செஸ்டர் சிட்டி. புதன்கிழமை அட்லெட்டிகோவும் இரண்டு மிலான் கிளப்புகளும். லிவர்பூல் முதலாளி ஜான் ஹென்றி காணொளியில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆறு பேரையும் தூக்கிச் சாய்க்க நாற்பத்தெட்டு மணி நேரம்தான் ஆயிற்று.

புண்பட்டது எங்கே?

பணம் சம்பாதிப்பதால் கோபம் வந்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக்காரர் கோடி கோடியாக வாங்குவது ரசிகருக்குத் தெரியாததா? கோபம் வேறு. தோல்விக்கு விலை இல்லை என்றால் வெற்றிக்கும் விலை இல்லை. மான்செஸ்டர் சிட்டி பயிற்சியாளர் கார்டியோலாவே, வெற்றி உறுதி என்று ஆகிவிட்டால் அது விளையாட்டே அல்ல என்கிற கருத்தைச் சொன்னார். தேர்வே எழுதாமல் பாஸ் போட்ட மார்க் ஷீட்டை வீட்டுச் சுவரில் மாட்டி வைப்போமா?

இரண்டாவது, வாடிக்கையாளரும் ரசிகரும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். என் கடையில் தவலைக்கு விலை ஏற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ரசிகர் போகமாட்டார். அப்பன் பிடித்த கிளப்பைப் பிள்ளை பிடிக்கிறான். இவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள், அதனால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் முதலாளிகளின் கணக்கு. போகமாட்டாதவன்தான் வாசலில் உட்கார்ந்து மறிப்பான் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போன வரி.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டைத் தொட்டது. அந்தக் கிளப்புகளின் உள்வட்டத்தில் ஊர்க்காரர்களைப் 'பரம்பரை ரசிகர்கள்' என்றும், உலகமெங்கும் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களை 'எதிர்கால ரசிகர்கள்' என்றும் பிரித்துப் பேசியதாக அந்த நாட்களில் செய்தி வந்தது. எதிர்கால ரசிகர் யார்? சீனாவில், அமெரிக்காவில், இந்தியாவில் ராத்திரி கண்விழித்துப் பார்க்கிற பிள்ளைகள். அதாவது என் பேரன். இவனுக்கு ஸ்டோக், பர்ன்லி எல்லாம் வேண்டாம், பெரிய பெயர்கள் மட்டும் போதும் என்று முடிவு கட்டி, இவன் பேரைச் சொல்லித்தான் அந்தக் கதவைச் சாத்தப் பார்த்தார்கள்.

அன்று பேரன் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல தாத்தா. எனக்குக் கோபப்பட உரிமை இருக்கா?"

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் பேசினால், "நீ இங்கயா இருக்க?" என்கிறார்கள். தூரத்தில் இருப்பவன் பாசம் குறைந்த பாசமா? நான் பேரனிடம் சொன்னேன்: "உன் பேரைச் சொல்லி ஒரு காரியம் செய்றாங்கன்னா, அது வேண்டாம்னு சொல்ற உரிமை முதல்ல உனக்குத்தான்டா." சரியாகச் சொன்னேனா தெரியாது. ஆனால் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ரசிகர்கள் மட்டும் யோக்கியமா?

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று எல்லோரும் காக்கப் போராடிய பிரீமியர் லீக்கே 1992-இல் பழைய லீக்கிலிருந்து 22 கிளப்புகள் பணத்துக்காகப் பிரிந்து வந்து அமைத்ததுதான். ஆனால் அவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போகவில்லை, கீழே இறங்கும் வழியை அப்படியே வைத்தார்கள். வெளிநாட்டு முதலாளியின் பணத்தில் கோப்பை வந்தபோது அதே ரசிகர்கள் ஆரவாரம் செய்ததும் உண்மை.

ஜெர்மனியில் 1998 முதல், கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஒன்றிரண்டு கிளப்புகளுக்கு விலக்கு உண்டு. பேயர்ன் மியூனிக்கும் டார்ட்மண்டும் சூப்பர் லீக்கில் சேரவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியானால் உறுப்பினர் கையில் இருந்தால் போதுமா? ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகளே. முன்னால் நின்றதும், கடைசிவரை பிடிவாதமாக நின்றதும் அவைதாம். ஆக, சொத்துப் பத்திரம் யார் பெயரில் என்பது மட்டும் போதாது. உறுப்பினர் கேள்வி கேட்கிறாரா என்பதும் வேண்டும். சங்கம் நடத்துகிற நமக்கு இது தெரியாததல்ல.

கட்டை அவிழ்த்துக்கொண்டு போகிற வேலை ரசிகருக்கும் தெரியும். 2002-இல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அந்த வருடமே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுத்திடலில் ஆள் எடுத்தார்கள். ஒன்பதாம் படியில் ஆரம்பித்து, ஒன்பது வருடத்தில், 2011-இல், நான்காம் படிக்கு ஏறிவிட்டார்கள். ஏணி இருந்ததால்தானே ஏற முடிந்தது? 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கிளேசர் குடும்பம் கடன் சுமத்தி வாங்கியபோது, மனம் நொந்தவர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதலாளிகளின் பிரிவு மேலே போய்க் கதவைச் சாத்துவது. ரசிகர்களின் பிரிவு அடிப்படியிலிருந்து மறுபடி ஏறுவது.

பிறகு நடந்தவை

கோபம் அத்தோடு அடங்கவில்லை. 2021 மே 2-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் கிளப்பைத் தொடங்கியபோது இருந்த பச்சை, மஞ்சள் நிறத் துண்டை அணிந்து வந்தார்கள் பலர். ஜூன் மாதம் ஆறு கிளப்புகளும் சேர்ந்து 2 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டன. மறுபடி முயன்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டரைக் கோடி பவுண்டு அபராதம், 30 புள்ளி வெட்டு.

2023 டிசம்பர் 21-இல் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய போட்டிக்கு முன் அனுமதி கேட்கிற யூஃபாவின் விதிகள் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் சூப்பர் லீக்கை ஏற்றாக வேண்டும் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னது. யூஃபாவும் புனிதர் அல்ல. 2024 முதல் சாம்பியன்ஸ் லீக்கை 36 கிளப்புகளாகப் பெருக்கி, ஆட்டங்களைக் கூட்டியது. காரணம் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. தனி ஒழுங்காணையம் வந்தது. அங்கீகாரமில்லாத பிரிவு லீக்கில் கிளப்புகள் சேருவதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. தெருவில் பிடித்த அட்டை நான்கு வருடத்தில் சட்டமாகியிருக்கிறது.

நம் கொல்கத்தாவிலும் ஒரு சின்ன எதிரொலி உண்டு. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 2020-இல் ஏ.டி.கே. என்ற கிளப்போடு இணைந்து அதன் பெயரை முன்னால் சுமந்தது. ரசிகர்கள் அந்த எழுத்துகளை எடு என்று மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் முதலாளி அதை ஏற்று அறிவித்தார். ஜூன் முதல் அந்த எழுத்துகள் போயின. கோப்பை வந்தபிறகும் பெயரை மறக்காதவர்கள் இவர்கள்.

பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அன்று மடித்து வைத்த சட்டையை மூன்றாம் நாள், லிவர்பூல் விலகிய செய்தி வந்த காலையில், எடுத்துப் போட்டுக்கொண்டான். "இப்ப என்னடா, ஜெயிச்சுட்டாங்களா?" என்றேன். "இல்ல தாத்தா, இனிமே தோக்கலாம்" என்றான். அதைக் கேட்டுத்தான் இந்த விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது.